பாடுகிறவரும் அழ வேண்டுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அக்கா, நீங்க முப்பது வருஷத்துக்கு மேல மேடையில பாடுறீங்க. பாட்டைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். "பேசுறதுக்குப் பதிலா ரெண்டு பாட்டுப் பாடிட்டு இறங்கிடறேனே" என்றேன். சம்மதிக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இந்தச் சோதனை.

மாணவர்களிடமிருந்து வந்த கேள்விச் சீட்டுகளில் ஒன்று என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. "பாட்டின் வரிகளைச் சொந்த வாழ்க்கையில் உணர்ந்தவர்தான் அதைப் பாட வேண்டுமா? உணராமல் பாடினால் அது பொய் இல்லையா?" என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. கையெழுத்தைப் பார்த்தால் முதலாண்டு மாதிரி இருந்தது. மற்ற சீட்டுகளை மடித்து வைத்துவிட்டேன்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பாடினேன், இப்போதும் பாடுகிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, ஊர்ப் பொங்கல் விழா என்று எல்லா மேடையும் பார்த்தாயிற்று. ஒரு திருவிழாவில் நள்ளிரவு தாண்டி ஒரு சோகப் பாட்டுப் பாடினேன். முடிந்ததும் ஒரு பெரியவர் மேடையோரம் வந்து, "தாயி, இந்தச் சின்ன வயசுல நீ ரொம்பப் பட்டிருக்க" என்று சொல்லி ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. பட்ட துன்பம் என்று சொல்ல, வங்கித் தேர்வில் ஒருமுறை தோற்றதைத் தவிர ஒன்றும் இல்லை. பாடும்போது என் மனசில் ஓடியது எல்லாம், வேன் டிரைவர் தூங்கிவிட்டாரா, திங்கட்கிழமை பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார முடியுமா என்பதுதான்.

அப்படியானால் நான் அந்தப் பெரியவரை ஏமாற்றினேனா? சீட்டு எழுதிய தங்கை 'ஆமாம்' என்பார். நான் 'இல்லை' என்கிறேன். அவர் கேட்டது என் கதையை அல்ல. அவருடைய கதையைத்தான் அந்தப் பாட்டுக்குள் அவர் கேட்டார். நான் செய்ய வேண்டியிருந்தது, சுருதி விலகாமல், சொல் சிதையாமல் அந்தப் பாட்டை அவரிடம் கொண்டு சேர்ப்பது.

இதை எனக்குப் புரியவைத்தது சங்கீத சபை இல்லை, இழவு வீடு. 'கூலிக்கு மாரடிக்கிறது' என்று மனசில்லாமல் வேலை செய்கிறவர்களைத் திட்டுகிறோம் அல்லவா? அந்த வசவுக்குள் நிஜமான ஒரு தொழில் ஒளிந்திருக்கிறது. தென்மாவட்டங்களில் ஒப்பாரி பாடக் கூலி கொடுத்துப் பெண்களை அழைக்கும் வழக்கம் உண்டு. என் அம்மாவின் ஊரில் அப்படிப் பாடும் ஒரு ஆச்சியிடம், "யாரோ செத்ததுக்கு உங்களுக்கு எப்படி ஆச்சி அழுகை வருது?" என்று கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "செத்தவுக மொகத்தப் பாத்தா எனக்கு வராது தாயி. போன எம் மவன நெனச்சா வரும். ஆனா பாட்டு அவுகளுக்குத்தான். அவுக பேரு, அவுக ஊரு, அவுக பெத்த புள்ளைக பேரு, ஒண்ணு தப்பக்கூடாது."

கவனியுங்கள். கண்ணீர் எங்கிருந்து வந்தால் என்ன? பெயரில் பிழை வரக்கூடாது என்கிறார். இதைவிட நல்ல பாடம் எனக்கு எந்த இசை வகுப்பிலும் கிடைக்கவில்லை.

சொந்த அனுபவம்தான் தகுதி என்று வைத்துக்கொண்டால் நம் பாட்டு மரபில் பாதி காணாமல் போய்விடும். நம்மாழ்வார் தம்மைப் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் தம்மைப் பரகால நாயகியாகவும் பாவித்துத் தலைவியின் குரலில் பாடினார்கள். ஆண்டாளின் திருப்பாவையை மார்கழி விடியலில் ஆண்களும்தானே பாடுகிறார்கள்? பதினேழாம் நூற்றாண்டுத் தெலுங்குப் பதகர்த்தா க்ஷேத்ரய்யாவின் பதங்களில் பெரும்பாலும் பேசுகிறவள் பெண். எழுதியவர் ஆண். 'நீ பெண்ணா?' என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சினிமாவுக்கு வருவோம். அங்கேதான் உங்களுக்கும் எனக்கும் வசதி. 1922-இல் மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் அவர்களின் வீட்டு மொழி சௌராஷ்டிரம். ரேடியோவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், இது எம்.ஜி.ஆருக்கா சிவாஜிக்கா என்று டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார். ஒரே தொண்டைதான். திரையில் யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்ற கணக்கு அந்தத் தொண்டைக்குள் இருந்தது. பி. சுசீலா அம்மா விஜயநகரத்தில் பிறந்தவர், எஸ்.பி. பாலசுப்ரமணியம் நெல்லூர்ப் பக்கம். இரண்டு பேருக்கும் தாய்மொழி தெலுங்கு. தமிழ்நாட்டில் எத்தனை கல்யாணங்களுக்கு இவர்கள் குரலில்தான் மாலை மாற்றியிருக்கிறோம்!

இடையில் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே உணர்ச்சி பொங்கினால் பாட முடியாது. அழுகை வரும்போது குரல்வளையின் வாய் விரிந்தே இருக்கப் பார்க்கிறது, எச்சில் விழுங்கினால் அது மூடியாக வேண்டும். இந்த இழுபறியைத்தான் 'தொண்டையை அடைக்குது' என்கிறோம். என் அம்மா காலமான அடுத்த மாதம் ஒரு வரவேற்பில் தாயைப் பற்றிய பாட்டு வந்தது. இரண்டாவது சரணத்தில் எனக்குக் குரலே எழும்பவில்லை. கீபோர்டு வாசித்த தம்பி மெட்டை எடுத்து ஓட்டி முடித்தார். பலமாகக் கைதட்டினார்கள். அது எனக்காகத் தட்டியது. பாட்டு அன்றைக்கு யாருக்கும் போய்ச் சேரவில்லை.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். 'உணர்ந்தவர்தான் பாடலாம்' என்ற பேச்சு கேட்க உயர்ந்ததாக இருக்கும். நடைமுறையில் அது வாசலில் நிற்கும் காவலாள் வேலையைத்தான் செய்கிறது. சபரிமலையில் நடை சாத்தும் நேரத்தில் ஒலிக்கும் ஹரிவராசனத்தை நாம் அறிவது கே.ஜே. யேசுதாஸ் குரலில். 1975-இல் வந்த 'சுவாமி ஐயப்பன்' படத்துக்காகப் பாடியது. கொச்சியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 'அவர் மூகாம்பிகை கோயிலுக்குப் போய்ப் பாடுகிறவர், அவருக்குப் பக்தி உண்டு' என்பீர்கள். சரி. அந்தப் பாட்டுக்கு இசையமைத்த ஜி. தேவராஜன் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று அறியப்பட்டவராயிற்றே, அவரை என்ன செய்வது? அவர் போட்ட மெட்டில்தான் பக்தர்கள் இன்றும் உருகுகிறார்கள்.

அதே காவலாள் 2018 ஆகஸ்டில் சென்னையில் எழுந்து நின்றார். கிறிஸ்தவப் பாடல் நிகழ்ச்சி ஒன்றில் பாடவிருந்த கர்நாடக இசைப் பாடகர் ஓ.எஸ். அருண், எதிர்ப்புக் கிளம்பியதும் விலகிக்கொண்டார். வேறு சில பாடகர்களுக்கும் வசைகள் போயின. டி.எம். கிருஷ்ணா, இனி மாதம் ஒரு பாட்டாவது இயேசுவையோ அல்லாவையோ பற்றி வெளியிடுவேன் என்று அறிவித்தார். அவரவர் கட்சி அவரவர்க்கு. ஆனால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826 - 1889) கத்தோலிக்கர். அவருடைய கீர்த்தனங்களைச் சபா மேடைகளில் எத்தனையோ வித்வான்கள் பாடி, நாம் தலையாட்டியிருக்கிறோம். அப்போது யாரும் மதச் சான்றிதழ் கேட்கவில்லை.

'அப்படின்னா எதை வேணும்னாலும், எப்படி வேணும்னாலும் பாடலாமா?' என்று சீட்டு எழுதியவர் கேட்கக்கூடும். இல்லை. உணர்வில் நான் கொடுக்கும் சலுகையைப் பொருளில் கொடுக்க மாட்டேன்.

தமிழ்நாட்டில் இது பழைய வழக்கு. 1941-இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. புரிகிற மொழியில் பாடுங்கள் என்றார்கள் ஒரு சாரார். இசைக்கு மொழி கிடையாது என்றார்கள் மறுசாரார். 1985-இல் கே. பாலசந்தர் இந்த வழக்கையே 'சிந்து பைரவி' என்று படமாக எடுத்தார். தெலுங்குக் கீர்த்தனையில் மூழ்கிய வித்வான் ஜே.கே.பி.யிடம், ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் பாடக்கூடாதா என்று சிந்து கேட்பாள். பிறகு அவளே பாடிக்காட்டும்போது நாட்டுப்புற மெட்டில் தொடங்கி தியாகராஜர் கிருதியில் கொண்டுபோய் முடிப்பாள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழுக்காக வாதாடும் அந்தச் சிந்துவுக்குக் குரல் கொடுத்தவர் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கே.எஸ். சித்ரா. அந்தப் பாட்டுக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. தெலுங்குக் கிருதிகளில் ஊறிய ஜே.கே.பி.க்குக் குரல் கொடுத்த யேசுதாஸுக்கும் தாய்மொழி மலையாளம்தான்.

வேற்றுமொழிப் பாடகர்கள் தம் மொழி எழுத்தில் வரிகளை எழுதிக்கொண்டு பாடுவது சகஜம். அதில் தப்பில்லை. கவிஞரிடமோ உதவி இயக்குநரிடமோ 'இது என்ன சொல்லு, எங்கே பிரியுது' என்று கேட்டுக்கொண்டால் போதும். கேட்காதவர் தமிழராக இருந்தாலும் கதை கந்தல்தான். நன்னூலில் பொதுமொழி படித்திருப்பீர்கள். தாமரை என்று சேர்த்துச் சொன்னால் பூ. 'தா' என்று நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு 'மரை' என்றால் தாவுகிற மான். கதாநாயகியின் முகத்தைப் பூ என்று கவிஞர் எழுத, நம் பாடகர் ஒரு மூச்சில் அவளை மானாக்கிக் காட்டுக்கு விரட்டிவிடுவார்! மான்விழி என்றாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், எல்லா வார்த்தையும் இப்படித் தப்பித்துக்கொள்ளாது.

நான் புதுப் பாட்டு எடுத்தால் முதலில் வரிகளைக் கையால் எழுதுவேன். அச்சிட்ட தாளோ செல்போனோ உதவாது. பிறகு மெட்டில்லாமல், கடிதம் படிப்பதுபோல உரக்கப் படிப்பேன். இதைச் சொல்வது யார், கேட்பது யார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். மூச்சு வாங்கும் இடத்துக்கு ஒரு கோடு. இவ்வளவுதான். அதற்குமேல் நான் காதலித்தேனா, கைவிடப்பட்டேனா என்பது யாருக்கும் தேவையில்லாத விஷயம்.

இந்த 'கேட்பது யார்' என்ற குறிப்பு ஒருமுறை எங்கள் பணத்துக்கே உலை வைத்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு பாட்டைக் கேட்டார்கள். காதலை ஏற்காத பெண்ணைக் கேவலமாகத் திட்டும் பாட்டு. எங்கள் குழுவின் இளம் பாடகர் மாட்டேன் என்றுவிட்டார். பெண்ணல்ல, பையன். "தம்பி, வெறும் பாட்டுதானே? நீயா திட்டுற?" என்றார் விருந்துக்கு ஏற்பாடு செய்தவர். யோசித்துப் பாருங்கள், இவ்வளவு நேரம் நான் உங்களிடம் வாதாடிய அதே வாதம்! வரி பாடகனுடையது இல்லை, அவன் வெறும் குரல்.

பையன் சொன்ன பதில் எனக்குத் தோன்றியிருக்காது. "சார், நான் திட்டலை. ஆனா இப்ப அதைக் கேட்கப்போறது முன்னாடி உட்கார்ந்திருக்கிற பொண்ணுங்க. படத்துல அந்த ஹீரோ ஒருத்தியைப் பார்த்துப் பாடுறான். இங்க மைக்கைப் பிடிச்சு நான் யாரைப் பார்த்துப் பாடுறது?"

எனக்கு ஆச்சியின் ஞாபகம் வந்தது. பாட்டு அவுகளுக்குத்தான். நாடகத்தில் வில்லன் பாடினால் அது கதைக்குள் வில்லன் பேச்சு. கல்யாண மேடையில் கதை கிடையாது, எதிரே நாற்காலிகள்தான் இருக்கின்றன. அந்தப் பையன் மறுத்தது, வரி தன் அனுபவத்தோடு ஒட்டவில்லை என்பதால் அல்ல. வரியின் பொருள் தெரிந்து, அது போய் விழும் இடமும் தெரிந்ததால். பொருள் தெரியாமல் பாடுகிறவனுக்கு மறுக்கும் உரிமையும் இல்லாமல் போய்விடுகிறது. எதை மறுப்பது என்று அவனுக்கே தெரியாதே.

அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் வேறு குத்துப் பாட்டுப் போட்டோம், அதே நண்பர்கள் அதற்கும் குறைவில்லாமல் ஆடினார்கள். ஆனாலும் கணக்கு முடிக்கும்போது பேசிய தொகையில் இரண்டாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பையன் தன் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னான். குழுவில் ஒருவரும் ஒப்பவில்லை, ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொண்டோம். டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும், "நான் என்னைக்குங்க வரியைக் கேட்டேன்? எனக்கு எதுக்குப் பிடிக்கிறீங்க?" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.