கல்லும் மூவளவும்
(அரியலூர்ச் சொற்பொழிவு)

தமிழ் இளையோரே! சிற்பம் பயில விழைவோர் ஏட்டைத் திறக்குமுன் கங்கைகொண்ட சோழபுரம் செல்க. இராசேந்திரன் எடுத்த அக்கோயிலின் வடவாயிலருகே தண்டீசர் தலையில் சிவன் மலர்மாலை சுற்றும் சிற்பத்தை நேர்நின்று நோக்குக. பின் பக்கவாட்டில் நகர்க. தாழ்ந்த தலை, வளைந்த கை, இடையே தேங்கிய நிழல் யாவும் உருமாறும். படத்தில் இதனைக் கற்றல் இயலாது. இதையே முப்பரிமாணம் என்கின்றனர். நீளம், அகலம், திண்மை மூன்றையும் மூவளவு என்றால் கல் உடைந்தா போகும்?

முதலிற் களிமண் பிசைக. மண்ணிற் பிழை நேரின் ஒட்டலாம். கருங்கல்லில் உளி பெயர்த்தது பெயர்த்ததே. ஆதலின் முகநீளத்தை அலகாகக் கொண்டு, நடுநூல் பிடித்து, கோடிட்ட பின்னரே சிற்பியர் உளியெடுப்பர்.

மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசே இக்கலையைக் கற்பிக்கின்றது. நம் சுண்ணக்கல் நாள்தோறும் பைஞ்சுதை ஆலைகளுக்குச் செல்கின்றது. நம் பிள்ளைகளுள் மாமல்லபுரம் செல்வோர் எத்துணைப் பேர்?