பறக்குமுன் படிக்கும் ஏடு

விமான நிலையத்தில் பிரயாணிகள் தத்தம் பொதிகளை ஒப்படைத்துவிட்டு, அழைப்பொலிக்காகக் காத்திருக்கும் வேளையில், விமானிகளின் அறையில் ஓர் ஏடு புரட்டப்படுகின்றது. அது வழிகாட்டும் படமுமன்று, காலநிலை அறிக்கையுமன்று. அந்த விமானத்திற்கு நேர்ந்த குறைகளையும், அவற்றைத் தீர்த்த வகையையும், இன்னும் தீராது ஒத்திவைக்கப்பட்டவற்றையும் கூறும் தொழில்நுட்பப் பதிவேடே அது. சில கம்பனிகளில் இன்று காகிதத்தின் இடத்தை மின்திரை பிடித்துக்கொண்டது. எனினும் ஏட்டின் கடமை மாறவில்லை.

ஒத்திவைக்கப்பட்ட குறையா? குறையோடு விமானம் பறக்கலாமா? நேயர்களுள் பலர் இவ்வாறு திடுக்கிட்டுக் கேட்கக்கூடும். பறக்கலாம் என்பதே விடை. ஆனால் அதற்கு ஒரு வரம்புண்டு.

பெரியதொரு பிரயாணிகள் விமானம் இலட்சக்கணக்கான உறுப்புகளால் ஆயது. அவற்றுள் ஒன்று பழுதுற்றதும் பிரயாணத்தை நிறுத்துவதென்றால், வாசிப்பு விளக்கொன்று எரியாமற்போனதற்காக இருநூறு பேர் இரவு முழுவதும் காத்திருக்க நேரிடும். ஆகவே, எந்தெந்த உபகரணம் இயங்காவிடினும் பாதுகாப்பாகப் பறக்கலாம், அதற்குரிய நிபந்தனைகள் யாவை என்பதை வகுத்துக் கூறும் பட்டியல் ஒன்றுண்டு. குறைந்தபட்ச உபகரணப் பட்டியல் என்பது அதன் பெயர். அந்தந்த விமான வகைக்கெனத் தயாரிக்கப்பட்ட மூலப்பட்டியலை ஆதாரமாகக் கொண்டு, விமானக் கம்பனி தனக்குரிய பட்டியலை அமைத்து, அரசின் விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடம் அங்கீகாரம் பெறுகின்றது. கம்பனியின் பட்டியல் மூலப்பட்டியலிலும் கடுமையாக இருக்கலாம். தளர்ந்ததாக இருத்தல் ஆகாது.

இப்பட்டியல் குறைகளுக்குத் தவணையும் விதிக்கின்றது. பொதுவாக நான்கு வகுப்புகள் உண்டு. முதலாம் வகுப்பில் தவணை அந்தந்தக் குறைக்கென்றே தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது 3 நாள். மூன்றாவது 10 நாள். நான்காவது 120 நாள். குறை கண்டுபிடிக்கப்பட்ட நாள் இக்கணக்கிற் சேராது. ஒத்திவைத்த குறை ஒருவகைக் கடன் என்று கொண்டால், இவை அக்கடனைத் தீர்க்கவேண்டிய கெடுவாகும். கடை முதலாளியின் கடன் கொப்பியிற் பெயரும் தொகையும் திகதியும் தெளிவாக இல்லாவிடில் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேரும். வேறுபாடு என்னவெனில், இங்கே நட்டம் பணத்தில் அன்று, உயிரில் வரும்.

ஆதலால் விமானத் தலைவர் அவ்வேட்டைப் படிக்கும்போது, கெடு முடிந்ததா என்பதை மட்டும் நோக்குவதில்லை. குறை எது? பொறியியலாளர் செய்யவேண்டியதைச் செய்து, பழுதான கருவியின் அருகே அடையாள அட்டை ஒட்டினாரா? விமானிகள் கைக்கொள்ளவேண்டிய விசேட முறை உண்டா? இன்று செல்லும் வழிக்கு அக்குறை பொருந்துமா? இறக்கையிற் பனி படியாது காக்கும் சாதனம் பழுதாயின், பனி படியக்கூடிய முகிலினூடே அவ்விமானம் செல்லலாகாது. தெளிந்த வானில் அற்பமாகத் தோன்றும் குறை, குளிர்நாட்டின் மாரியிற் பெருங்குறையாகிவிடுகின்றது. அன்றியும், தனித்தனியே அனுமதிக்கத்தக்க இரு குறைகள் ஒன்றுசேரும்போது அனுமதிக்கத்தகாதவை ஆகலாம். ஒரு மின்பிறப்பாக்கி பழுதாயிருக்க, அதற்குத் துணையாக நிற்கவேண்டிய சிறு எஞ்சினும் பழுதாயிருப்பின், ஒன்றுக்கு மற்றது உதவ இயலாது. இவற்றையெல்லாம் எடைபோட்டு, பட்டியல் இடங்கொடுத்தாலும் அவ்விமானத்தை ஏற்க மறுக்கும் உரிமை அதன் தலைவருக்கு உண்டு.

ஏட்டில் எழுதப்பட்ட ஒரு வசனம் தெளிவற்றிருந்தால் என்ன விளையும் என்பதற்குக் கனடாவில் 1983ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆந் திகதி நிகழ்ந்த சம்பவம் சான்றாகும். எயார் கனடாவுக்குச் சொந்தமான புத்தம்புதிய போயிங் 767 விமானம் ஒன்று, மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட இருந்தது. அதன் எரிபொருள் அளவுமானியில் ஏற்கெனவே ஒரு கோளாறு இருந்தது. அளவைக் கணிக்கும் கருவிக்கு இரண்டு வழிகள் உண்டு. எட்மன்டனில் அதனைச் சோதித்த தொழில்நுட்பவியலாளர், இரண்டாவது வழி பழுதென்றும், அதற்குரிய மின் ஆளியை இழுத்து வைத்தால் முதலாவது வழி ஒழுங்காக இயங்குகின்றது என்றும் கண்டார். ஆளியை இழுத்து, அட்டை கட்டி, ஏட்டிலும் எழுதினார். அளவுமானி வெறுமையாகக் காணப்பட்டது, ஆளி இழுக்கப்பட்டது என்ற கருத்தில் அப்பதிவு அமைந்தது. ஆளியை இழுத்தபின் அளவுமானி மீண்டும் இயங்கியது என்ற செய்தி அதில் தெளிவாக இல்லை.

மொன்றியலில் வேறொரு தொழில்நுட்பவியலாளர் ஏட்டைப் பார்த்தார். தாமும் சோதிக்க எண்ணி, அந்த ஆளியை உள்ளே தள்ளினார். அளவுமானி மீண்டும் வெறுமையாயிற்று. அதற்குள் எரிபொருள் வண்டி வந்துவிடவே, ஆளியை அவ்வாறே விட்டுவிட்டு வெளியே சென்றார். பின்னர் வந்த விமானத் தலைவர் றொபேட் பியர்சன், வெறுமையான அளவுமானியைக் கண்டார். ஏட்டின் வாசகமும் வெறுமை என்றே கூறிற்று. கண்ணாற் கண்டதும் கையாற் படித்ததும் ஒத்திருந்தமையால், விமானம் அந்நிலையிலேயே பறந்து வந்ததென்று அவர் நம்பினார். பட்டியலின்படி அந்நிலையிற் பறத்தல் ஆகாது. ஆயினும், பராமரிப்புப் பகுதியினர் அதற்கு அனுமதி அளித்திருப்பதாக அவர் விளங்கிக்கொண்டார்.

அளவுமானி இல்லாத குறையைக் கோலால் அளந்து ஈடுசெய்தனர். கோல் காட்டியது லீற்றர் கணக்கு. வேண்டியதோ 22,300 கிலோகிராம். அவ்விமானம் அக்கம்பனியில் மெற்றிக் அளவைக்கு மாறிய முதல் வகையைச் சேர்ந்தது. ஒரு லீற்றர் எரிபொருள் ஏறத்தாழ 0.8 கிலோகிராம் எடையுடையது. இறாத்தலிற் கூறின் 1.77 ஆகும். பழைய பழக்கப்படி 1.77 என்ற எண்ணாற் பெருக்கி, வந்த விடையைக் கிலோகிராம் என்று கொண்டனர். 22,300 கிலோகிராமுக்குப் பதிலாக 22,300 இறாத்தலுடன், அதாவது தேவையானதிற் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன், விமானம் எழுந்தது. ஒட்டாவாவில் மீண்டும் அளந்தபோதும் அதே எண்ணே கையாளப்பட்டது.

41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தது. இரு எஞ்சின்களும் நின்றன. உள்ளே 69 பேர் இருந்தனர். பியர்சன், எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களைச் செலுத்திப் பழகியவர். துணைவிமானி மொறிஸ் குவின்ரல், மனிற்றோபா மாகாணத்தின் கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தை அறிந்தவர். கைவிடப்பட்ட அத்தளத்தின் ஓடுபாதை அன்று மோட்டார்ப் பந்தயத் திடலாக இருந்தது. அங்கே அவ்விமானத்தை அவர்கள் இறக்கினர். சிலருக்குச் சிறு காயங்கள் ஏற்பட்டனவன்றி, உயிர்ச்சேதம் இல்லை. திறமை காத்தது உண்மையே. ஆனால் ஏட்டிலே இன்னும் ஒரு வரி தெளிவாக எழுதப்பட்டிருந்தால், அத்திறமைக்கு வேலையே இருந்திராது.

மற்றொரு பாடமும் உண்டு. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் நோக்கிச் சென்ற எயார்ஏசியா விமானம் யாவாக் கடலில் வீழ்ந்து 162 பேரும் மாண்டனர். சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவியில், பற்றாசு வெடித்த ஓர் இணைப்பு இருந்தது. முந்திய பன்னிரண்டு மாதங்களில் அக்கருவி 23 முறை கோளாறு காட்டியதாகப் பராமரிப்புப் பதிவுகள் கூறின என்று விசாரணையாளர் 2015இல் அறிவித்தனர். இறுதி மாதங்களில் அது அடிக்கடி நேர்ந்தது. அக்குறை தானாக விமானத்தை வீழ்த்தவில்லை. அதன்பின் விமானிகள் எடுத்த நடவடிக்கைகளும், விமானம் கட்டுமீறியதும் அழிவுக்குக் காரணமாயின. ஆயினும், ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே முடித்து வைத்தவர்கள், இருபத்துமூன்றையும் வரிசையாக வைத்து ஒருமுறை படித்திருப்பின், மூலக் குறை வெளிப்பட்டிருக்கும். பலமுறை தீர்க்கப்பட்ட குறை உண்மையில் ஒருமுறையேனும் தீர்க்கப்படாத குறையாகும்.

இரவிலே ஒரு நகரில் எழுதுபவரும், காலையிலே மற்றொரு நகரில் அதைப் படிப்பவரும் ஒருவரையொருவர் பெரும்பாலும் காண்பதில்லை. அவர்களுக்கிடையே உள்ள ஒரே பேச்சு அந்த ஏடுதான். எழுதுபவர், தம்மை அறியாத ஒருவர் அவசரத்தில் படிப்பார் என்று எண்ணி எழுதவேண்டும். படிப்பவர், எழுதியவர் சொல்லாமல் விட்டது யாது என்று கேட்டுப் படிக்கவேண்டும். ஐயம் எழுந்தால், புறப்படும் நேரம் கடந்தாலும் பொறியியலாளரை அழைத்து விசாரிக்கவேண்டும்.

தொழில்நுட்பக் காரணத்தால் விமானம் தாமதமாகும் என்ற அறிவித்தல் ஒலிக்கும்போது, பிரயாணிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வது இயல்பே. ஆனால் அந்த நேரத்தில், உள்ளே ஒருவர் ஒரு வரியை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கலாம். அந்தத் தாமதம் பிரயாணிகளுக்குச் செய்யப்படும் சேவைகளுள் ஒன்றே ஆகும்.