எங்களோடு படித்தவர்களை நினைவுகூருகின்றோம்

(யூபிலி விழாவை முன்னிட்டுப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில், பழைய மாணவர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பழைய மாணவர் நால்வர் கூடியிருந்து இவ்வுரையை எழுதினோம். வாசிப்பவர் ஒருவர், பேசுபவர் நால்வரும் என்று கொள்ளுங்கள்.

பங்கின் யூபிலி விழாவிலே பள்ளிக்கூடத்தின் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்திலே எங்களுக்குக் கோயிலும் பள்ளிக்கூடமும் வேறு வேறாக இருந்ததில்லை. விடியற்பூசைக்கு உதவி செய்துவிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாணும் சம்பலும் தின்ற வாயைத் துடைத்தபடி வகுப்புக்கு ஓடிய பிள்ளைகள் நாங்கள். பூசை மணி அடித்தாலும் ஓட்டம். பள்ளி மணி அடித்தாலும் ஓட்டம்.

எங்கள் புனித பத்திரிசியார் கல்லூரி 1850இல் தொடங்கியது. யாழ்ப்பாணம் ஆண்கள் செமினறி என்ற பெயரோடு வளர்ந்து, 1881இல் அயர்லாந்தின் பாதுகாவலரான புனிதரின் பெயரைப் பெற்றது. அன்றுமுதல் ஊரார் வாயில் அது சம்பத்திரிசியார். அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் அதைத் தாங்கி வளர்த்தனர். 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் நாட்டின் உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு மாறியபோது, அது தனியார் கல்லூரியாகவே நின்றது. அப்படி நின்ற பாடசாலைகள் பிள்ளைகளிடம் சம்பளம் அறவிடவும் கூடாது. அரசாங்கத்தின் பணமும் அப்போது வரவில்லை. அந்த நெருக்கடியான ஆண்டுகளில் அவற்றைத் தாங்கியவர்கள் பெற்றோரும் பழைய மாணவரும் பங்கு மக்களுமே. இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் பலரின் கைக்காசு அதற்குள் இருக்கிறது. அதனால் இந்த நினைவு உங்களுக்கும் உரியது.

பழைய மாணவர் என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பெரிய பெயர்கள்தான். அவர்களை முதலில் வணங்கிக்கொள்வோம்.

1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னிலே பிறந்த சேவியர் என்ற சிறுவன், முதலில் ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்னர் 1923 முதல் பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தான். அவரே தனிநாயகம் அடிகளார். அவரைத் தமிழ்த் தூதர் என்று புகழ்கிறோம். ஆனால் கல்லூரியை விட்டு வெளியேறியபோது அவருடைய கையில் இருந்தது ஆங்கிலமும் இலத்தீனும்தான். தமிழ் இலக்கியத்தை அவர் ஆழமாகக் கற்றிருக்கவில்லை. உரோமாபுரியிலே படித்துக் குருவானபின், 1940இல் திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்துக்கு ஆசிரியராகப் போனார். அங்கேதான், ஊருக்கே பாடம் சொல்லவேண்டிய குருவானவர், ஒரு தமிழ்ப் பண்டிதருக்கு முன்னால் மாணவனாக உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழுக்கு மேல். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழை முறையாகப் பயின்றார்.

பின்னர் நடந்ததை நாடறியும். 1952இல் தமிழின் பெருமையை ஆங்கிலத்திலே உலகுக்கு எடுத்துச் சொல்ல 'தமிழ்க் கல்சர்' என்ற ஏட்டைத் தொடங்கினார். 1964இல் புதுதில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. அதே ஆண்டில், 1679இல் அச்சாகி மறக்கப்பட்டிருந்த அந்தாவோ தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ் – போர்த்துக்கேய அகராதியை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். 1968இல் சென்னையிலும் 1970இல் பாரிசிலும் மாநாடுகள் நடந்தபின், 1974 ஜனவரியில் நான்காவது மாநாடு நமது யாழ்ப்பாணத்துக்கே வந்தது. அதன் இறுதி நிகழ்ச்சி வீரசிங்கம் மண்டபத்தடியில் மரணத்தில் முடிந்ததை இங்கே பலர் கண்ணால் கண்டீர்கள். அடிகளார் 1980 செப்டெம்பர் 1ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார். பிந்திக் கற்றவர் எவரும் முந்தியவர்க்குக் குறைந்தவரல்லர் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

சைவப் பிள்ளைகளும் எங்கள் கல்லூரியில் நிறையப் படித்தார்கள். அவர்களுள் ஒருவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். கேம்பிரிட்ஜ் வரை சென்று படித்து, வழக்கறிஞராகி, 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கியவர். 1948 முதல் 1953 வரை அமைச்சர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையையும் வாழைச்சேனைக் காகித ஆலையையும் பேசுவோர் இன்றும் அவர் பெயரையும் சேர்த்தே பேசுவர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்த மயில்வாகனம் என்ற இளைஞர், 1917இல் பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞானம் கற்பிக்க வந்தார். அவரே பின்னாளில் துறவு பூண்டு, 1947இல் யாழ்நூலை நமக்குத் தந்த சுவாமி விபுலானந்தர். கத்தோலிக்கக் கல்லூரிகள் கத்தோலிக்கரை மட்டும் வளர்க்கவில்லை என்பதிலே எமக்குப் பெருமை உண்டு.

பெரியோர்களே, இவர்களுடைய பெயர்களைச் சொல்ல நாங்கள் வேண்டியதில்லை. சிலைகளும் நூல்களும் சொல்லும். நாங்கள் சொல்லாவிட்டால் எவரும் சொல்லாத சிலரைப் பற்றியே பேச வந்தோம். இறந்த பழைய மாணவருக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுத்து, பெயர்களை வாசிக்கவேண்டும் என்று தீர்மானித்தோம். பட்டியல் எழுதத் தொடங்கியபோதுதான் அது எத்துணை கடினமான வேலை என்று புரிந்தது.

முதலில் எங்கள் வகுப்பிலே படித்த ஒரு நண்பர். குருநகர்க் கடற்றொழிலாளியின் மகன். கணக்கிலே எங்கள் எல்லோரையும் வென்றவர். எட்டாம் வகுப்பில் இருந்தபோது தகப்பன் கடலிலே போய்விட்டார். அடுத்த கிழமை இவருடைய வாங்கு வெறுமையாய் இருந்தது. வலை இழுத்துத் தம்பிமார் மூவரையும் படிப்பித்தார். நாங்கள் சந்தா சேர்க்கப் போனபோதெல்லாம் முதல் ஆளாகத் தருவார். ஆனால் கூட்டத்துக்கு வரமாட்டார். ஒருநாள் கேட்டதற்கு, "நான் எட்டாம் வகுப்போட விட்டனான். என்னையும் பழைய மாணவன் எண்டு சேர்ப்பியளோ?" என்றார். நாங்கள் சிரித்துவிட்டு, "என்ன கதை கதைக்கிறாய்?" என்றோம். "அப்ப என்ர பேர் எங்கை?" என்றார். எங்கள் அங்கத்தவர் புத்தகத்தைப் புரட்டினோம். அவருடைய பெயர் அதில் இல்லை. பணம் வாங்கிய நாங்கள் பெயரை எழுதவில்லை. அந்த வெட்கம் இன்றும் எங்களுக்கு உண்டு. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள். இம்முறை பட்டியலில் முதலாவதாக எழுதியது அவருடைய பெயரைத்தான்.

அடுத்தவர் எங்கள் நண்பர், ஆசிரியர். ஒரு சிறு பாடசாலையிலே கீழ்வகுப்புகளுக்குப் படிப்பித்தார். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு நீங்கள் யாரும் மறக்கமாட்டீர்கள். மழையிலே, இருட்டிலே, நாவற்குழிப் பாலத்தில் அடியடியாய் நகர்ந்த அந்தச் சனத்துக்குள் அவரும் இருந்தார். எல்லோரும் உடுப்பும் அரிசியும் கட்டிக்கொண்டு போக, அவருடைய சைக்கிள் கரியரில் பொலித்தீனால் சுற்றிய ஒரு பொதி இருந்தது. பார்த்தால், வகுப்பு இடாப்பு! "உதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறாய்?" என்று எங்களில் ஒருவர் கோபித்தே கேட்டுவிட்டார். அவர் சொன்னார்: "பேர் இல்லாட்டில் பிள்ளையளை எப்பிடித் தேடுறது?" கொடிகாமத்திலே ஒரு மாமரத்தின் கீழ் நின்று, கண்டுபிடித்த பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே அடையாளம் இட்டார். அடையாளம் இடாத பெயர்களைத் தேடி அயல் முகாம்களுக்குப் போனார். அவருக்கு எந்தப் பட்டமும் பரிசும் கிடைக்கவில்லை. நோயுற்று அமைதியாக இறந்தார். பட்டியல் எழுதும் வேலையை எங்களுக்குக் கற்பித்தவர் அவர்தான்.

வெளிநாடு போனவர்களும் இருக்கிறார்கள். பாரிசிலே உணவகத்தில் கோப்பை கழுவி, ஆண்டுதோறும் ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவை அனுப்பிய ஒருவர், ஊர் திரும்பாமலே அங்கே அடக்கமானார். அவர் உதவிய பிள்ளைகளுக்கு அவருடைய பெயர் தெரியாது. சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பெயர் வாசிப்போம், உதவியைச் சொல்லமாட்டோம் என்று நாங்களே ஒரு சமாதானம் செய்துகொண்டோம்.

கடைசியாக ஒருவர். எங்களுக்குப் பின்வந்த வகுப்பைச் சேர்ந்தவர். பீடப் பணியாளராய் இருந்தவர். 1996இல் ஒரு காலை சைக்கிளில் வேலைக்குப் போனார், திரும்பவில்லை. எத்தனையோ ஆண்டுகள் கழிந்தனவே என்று நாங்கள் அவருடைய பெயரையும் பட்டியலில் எழுதிவிட்டோம். செய்தி எப்படியோ தாயாரின் காதுக்கு எட்டியது. எண்பது வயதைத் தாண்டிய அம்மா, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். அழவில்லை. கோபிக்கவும் இல்லை. "தம்பிமார், என்ர பிள்ளையின்ர பேரைச் செத்த ஆக்களோட சேர்த்து வாசியாதேங்கோ" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா வாசியாமலும் விடாதேங்கோ" என்றார்.

நாங்கள் என்ன சொல்வோம்? நால்வரும் தலை குனிந்து நின்றோம். அன்றிரவு பட்டியலைக் கிழித்து, இரண்டாக எழுதினோம். ஒன்றிலே இறந்தவர்கள். மற்றதிலே, இன்னும் வீடு வராதவர்கள். பங்குத்தந்தை அவர்களிடம் கேட்டோம். இறந்தோருக்கான மன்றாட்டிலே முதலாவதையும், விசுவாசிகள் மன்றாட்டிலே, உயிரோடு இருப்போருக்காக வேண்டும் இடத்தில், இரண்டாவதையும் வாசிக்க இசைந்தார்கள். அந்த இரண்டாவது பட்டியல் நாங்கள் நினைத்ததைவிட நீளமாயிற்று. செய்தி பரவியதும் வேறு தாய்மாரும் வந்தார்கள். எங்கள் கல்லூரியிலே படியாத பிள்ளைகளின் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். அவற்றையும் எழுதினோம். எங்கள் குருநகர் நண்பர் கேட்ட கேள்வியை நாங்கள் மறக்கவில்லை.

அன்புக்குரிய பங்கு மக்களே, உங்களிடம் ஒன்றை மட்டும் கேட்கிறோம். மண்டபத்தின் வாசலிலே ஒரு மேசையில் இரண்டு கொப்பிகள் வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போகுமுன் பாருங்கள். விடுபட்ட பெயர் இருந்தால் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தக் கொப்பியிலே எழுதுவது என்று தெரியாதவர்கள் எங்களிடம் கேட்கவேண்டாம்; வீட்டிலே தாயாரிடம் கேளுங்கள். தாய் சொல்வதே சரி.

 இறந்த எம் நண்பர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கிடைப்பதாக. வராதவர்களின் வீடுகளிலே விளக்கு அணையாதிருப்பதாக.

வணக்கம்.