பயிலுங்காற் பொருளீட்டல்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜப்பான் தேசத்து மொழிப்பள்ளிகளிற் சேர்ந்து பயில நம் சமூகத்து இளைஞர் சிலர் விழைகின்றனர். அவ்விழைவு போற்றத்தக்கதே. ஆயினும், மாலையில் வேலை செய்து பள்ளிச் சம்பளமுங் கட்டி ஊருக்கும் பணம் அனுப்பலாமெனத் தரகர் கூறும் உரையை நம்பி, நிலத்தை ஈடுவைத்துக் கடன்படும் பெற்றோரும் உளர். அவ்வுரை எத்துணை மெய்யென ஆராய்தல் நம் கடனாகும்.

முதற்கண் சட்டத்தை நோக்குவோம். மாணாக்கனாகப் புகுந்தவன், குடிவரவு இலாகாவின் தனியனுமதி பெற்றாலன்றி அந்நாட்டிற் கூலிவேலை செய்தலாகாது. பெற்ற பின்னரும் வாரத்திற்கு 28 மணி நேரமே எல்லை. எக்கிழமை தொடங்கி எண்ணினும் ஏழு நாளில் அவ்வெல்லை கடக்கப்படாது. இரண்டு கடைகளில் உழைப்பினும் இரண்டுஞ் சேர்ந்தே கணக்கு. பள்ளியின் நெடுவிடுமுறையில் மட்டும் நாளொன்றுக்கு 8 மணி வரை உழைக்கலாம். இரவுக் கேளிக்கை விடுதிகளிலும் பச்சிங்கோ என்னும் சூதாட்ட நிலையங்களிலும் தட்டுக் கழுவுதலுங்கூட விலக்கப்பட்டதாம். வரம்பு மீறியவன், தங்கும் அனுமதி புதுப்பிக்கப்பெறாது கல்வி முற்றாமலே திரும்ப நேரும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2025 அக்டோபரில் டோக்கியோவில் மணிக்குக் குறைந்த கூலி 1,226 யென் என வகுக்கப்பட்டது. அக்கூலிப்படி 28 மணிக்கு 34,328 யென். நான்கு வாரத்திற்கு 1,37,312 யென். பள்ளிச் சம்பளம் ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் யென் வரை ஆதலின், மாதந்தோறும் ஏறக்குறைய அறுபதினாயிரம் யென் அதற்கே ஒதுக்கவேண்டும். எஞ்சியதில் அறை வாடகை, உணவு, காப்புறுதி, வண்டிச் செலவு யாவும் அடங்கவேண்டும். ஊர்க்கடனுக்கு வட்டி எங்கிருந்து வரும்? அன்றியும், மொழியறியாதானுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே வேலை கிட்டுதலும் அரிது.

வகுப்பு அரைநாளே, வாரத்திற்கு 20 பாடவேளை. மீதிப்பொழுது வெறும்பொழுதென எண்ணுதல் பிழை. அன்றாட வழக்கிற்கென அவ்வரசாங்கம் வகுத்த சித்திர எழுத்துக்களே 2,136. அவை இல்லத்தில் எழுதி எழுதிப் பழகினாலன்றிக் கைவரா. இரவு 10 மணி முதல் 5 மணி வரை கூலி நாலிலொரு பங்கு மிகுதியாதலின், கடன்பட்டவன் பொட்டலம் பிரிக்கும் கிடங்கை நாடுகிறான். காலையில் வகுப்பில் உறங்குகிறான். வருகைக் கணக்குக் குறைகிறது. மொழிப்பள்ளியில் தங்கலாவதோ இரண்டாண்டு மட்டே. அதற்குள் மொழி வாராவிடின், ஆற்றில் ஒருகால் சேற்றில் ஒருகால் என்னும் நிலையே எய்துவன்.

இதனால் வேலையே தீதென்பது நம் கருத்தன்று. கடையில் வாடிக்கைக்காரரை வரவேற்கும் மரியாதை மொழி, நூலினும் வழக்கிலேயே நன்கு பதியும். ஆதலின் பேச வாய்ப்புள்ள வேலையைச் சில மணி நேரம் செய்தல், கூலியோடு கல்வியும் தரும். தமிழருக்கு ஓர் அநுகூலமும் உண்டு. ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்னும் வாக்கியம் அம்மொழியிலும் இவ்வரிசையிலேயே அமையும். உருபு பெயரின் பின்னும், வினை இறுதியிலும் நிற்கும். தமிழிலக்கணம் செவ்வனே கற்றவனுக்கு அவ்வாக்கிய அமைதி விரைவில் விளங்கும்.

ஆகவே மூன்று செய்திகளை விண்ணப்பித்துக்கொள்ளுகிறோம். முதலாவது, ஜூலையிலும் டிசம்பரிலும் நடைபெறும் ஜப்பானிய மொழித் தேர்வில் கீழ்ப்படிகளையேனும் இங்கிருந்தே தேறிச் செல்க. இரண்டாவது, முதலாண்டுச் செலவு முழுதும் கையிலிருந்தாலன்றிப் புறப்படற்க. மூன்றாவது, நம் சங்கம் வட்டியில்லாக் கல்வி நிதியொன்று தொடங்கி, தகுதியுடைய ஏழை மாணாக்கருக்கு உதவுக. கலியாணப் பந்தலுக்குச் செலவிடும் பொருளிற் பத்திலொரு பங்கை ஒவ்வொரு குடும்பத்தாரும் ஈந்தால், நம் பிள்ளைகள் கடனுக்கு உழையாது கல்விக்கு உழைப்பர். இதனை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றுமாறு பெரியோர்களை வேண்டி அமைகின்றோம்.