ஆண்களின் மார்பு பெருத்தல்: கொழுப்பா, சுரப்பியா?



வெளியில் சொல்லப் பலரும் கூசும் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஆண்களுக்கு மார்பு பெருத்தல் என்பதே அது. குழாயடியில் சட்டையைக் கழற்றத் தயங்கும் இளைஞர்களும், கேலிக்கு அஞ்சிப் பந்து விளையாடச் செல்லாத சிறுவர்களும் உண்டு.

ஆணின் மார்பிலும் காம்புக்கு அடியில் சிறிதளவு பால்சுரப்பித் திசு இயற்கையிலேயே அமைந்துள்ளது. அதைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது. இவ்விரண்டில் எது மிகுந்தாலும் மார்பு பெருக்கும். உடற்பருமனால் சேர்ந்த கொழுப்பானால், எடையைக் குறைக்கும்போது அதுவும் பெரும்பாலும் குறையும். வளர்ந்துவிட்ட சுரப்பியோ உடற்பயிற்சியால் மட்டும் கரைவதில்லை.

வேறுபாட்டை எவ்வாறு அறிவது? மல்லாந்து படுத்துக்கொண்டு, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மார்பின் இருபுறமும் வைத்துக் காம்பை நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். காம்பின் நேர் அடியில் ரப்பரைப்போன்ற அழுத்தமான வட்டு தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் சுரப்பி. எதுவும் தட்டுப்படாது மென்மையாக இருந்தால் கொழுப்பு. இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. மருத்துவரே இதனை உறுதி செய்ய வேண்டும்.

ஆணுடலிலும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோன் சிறிதளவு உண்டு. அது மிகுந்தாலோ, ஆண்மை ஹார்மோன் குறைந்தாலோ சுரப்பி வளரும். கொழுப்புத் திசு ஆண்மை ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றவல்லது. ஆதலால் பருமன் சுரப்பியையும் வளர்க்கக்கூடும். மதுவினால் ஈரல் கெட்டவர்களுக்கும், இதய நோய்க்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கும் இது நேரலாம். அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது.

பருவமடையும் சிறுவர்களுக்கு இது சாதாரணமானது. பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானே மறைந்துவிடும். பெற்றோர் இதனை எடுத்துரைத்துப் பிள்ளைகளுக்குத் தைரியமூட்ட வேண்டும்.

ஆனால், காம்பைவிட்டு விலகி ஒருபுறம் மட்டும் கடினமான கட்டி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, ஆறாத புண், அக்குளில் நெறி, விதையில் கட்டி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மார்புப் புற்றுநோய் கண்டவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய ஒருவர் ஆண். பெண்களுக்கு மட்டுமே வரும் நோய் என்றெண்ணி மறைத்து வைப்பதால்தான் பல ஆண்கள் நோய் முற்றிய பின் வருகின்றனர். வெட்கத்தைவிட உயிர் பெரிது.