ஏரிக்கரையில் ஒரு வகுப்பு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சென்ற ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். "வாத்தியார் கையில மைக் கொடுத்தா மணி அடிக்கிற வரைக்கும் விடமாட்டார்" என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னைச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் போட்டிருக்கிறார்!

நான் 1982இல் இங்கே விலங்கியல் முடித்தேன். 1985 முதல் 2019 வரை பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே, ஏரிக்கும் வயலுக்கும் காட்டுக்கும் அழைத்துப் போவது பாடம் முடிந்த பிறகு கொடுக்கிற மிட்டாய் அல்ல. அதுவே பாடம். இன்று பிற்பகல் பொதுக்குழுவில் நுழைவாயில் வளைவு பற்றிய தீர்மானம் வர இருப்பதால், இதை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

இயற்கைக் கல்விப் பயணம் என்றால் என்ன என்பதற்கு, நான் பலமுறை பிள்ளைகளோடு போன வேடந்தாங்கலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்புள்ள சின்ன ஏரி. நடுவே தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள், கருவேல மரங்கள். பருவமழையில் ஏரி நிரம்பினால், கார்த்திகை தொடங்கி பங்குனி வரை அந்த மரங்களில் கிளை தெரியாத அளவுக்குப் பறவைகள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வெள்ளை அரிவாள் மூக்கன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

1997 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை அங்கே அழைத்துப் போனோம். ஒரு வாடகை பஸ், இரண்டு ஆசிரியர்கள், ஒரு அண்டா புளிச்சோறு. பைனாகுலர் ஒன்றே ஒன்று. அதுவும் நம் கல்லூரி விலங்கியல் துறையிலிருந்து இரவல் வாங்கியது. "திரும்பி வரும்போது கண்ணாடி கண்ணாடியா இருக்கணும்" என்று சொல்லித்தான் துறைத்தலைவர் கொடுத்தார்.

கரையில் உட்கார வைத்தோம். ஒரு மணி நேரம் யாரும் பேசக்கூடாது. பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் படம் வரைய வேண்டும். முதல் கால் மணி நேரம் ஒரே நெளிவு. பிறகு தானாகவே அடங்கிப் போனார்கள். வகுப்பில் பிரம்பெடுத்தும் வராத அமைதி அது.

நோட்டுகளைப் பிரித்தபோது ஒரு மாணவி ஒரு கேள்வி எழுதியிருந்தாள். "வெளிநாட்டுப் பறவைகள் இங்கே முட்டையிட வருகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தண்ணீரில் நீந்துகிற வாத்துகளில் ஒன்றுக்குக்கூட மரத்தில் கூடு இல்லையே, ஏன்?" அருமையான கேள்வி! நான் உடனே பதில் சொல்லவில்லை. "யாருக்காவது தெரியுமா?" என்று வகுப்பைக் கேட்டேன்.

கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான். அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் 19 மதிப்பெண். அப்பா வாத்து மேய்ப்பவர். அறுவடை முடிந்த வயல்களில் ஊர் ஊராகப் பட்டி போடுகிறவர். "அதெல்லாம் இங்க கூடு கட்டாது சார். பனிக்காலத்துல வரும், மேயும், வெயில் ஏற ஆரம்பிச்சா போயிடும். எங்க அப்பா கூடப் போகும்போது பாத்திருக்கேன். முட்டை ஒருநாளும் பாத்ததில்ல" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. கிளுவை, ஊசிவால் வாத்து போன்றவை வடக்கே குளிர் முற்றும்போது இரை தேடி இங்கே வருகின்றன. முட்டையிடுவது கோடையில், தங்கள் வட தேசத்தில். வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் பெரும்பாலும் நம் துணைக்கண்டத்துப் பறவைகள். வந்து போகிற விருந்தாளி வேறு, பிள்ளை பெற வருகிற வீட்டுப் பெண் வேறு. புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தாலும் பதியாத இந்த வேறுபாடு, அந்தக் கரையில் ஒரு மாணவியின் கேள்வியாலும் ஒரு மாணவனின் பதிலாலும் 42 பேருக்கும் பதிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பையனைச் சுற்றித்தான் கூட்டம். நத்தைகுத்தி நாரையின் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். அந்த அலகால் நத்தையைப் பிடித்து, ஓட்டை நொறுக்காமலே சதையை உருவி எடுத்துவிடும். வரப்போரம் அப்படிக் கிடக்கும் வெற்று ஓடுகளை எத்தனையோ தடவை பொறுக்கியதாக அவன் சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

நண்பர்களே, ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். பொங்கலோடு அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வாத்துப் பட்டிக்கு அழைத்துப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பயணம் முடிந்த மறுவாரம் அவன் அப்பா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். நான் பையனின் நோட்டைக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, படங்களைப் பார்த்தார். "இது நம்ம முக்குளிப்பான்… இது நாமக்கோழி… இதையெல்லாம் பள்ளிக்கூடத்துல கேக்குறாங்களா சார்?" என்றார். "கேக்குறோம்யா. அதுக்கு இவன்தான் பதில் சொல்றான்" என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். சான்றிதழ் வாங்காமலே போய்விட்டார். அந்தப் பையன் பத்தாவது தேறினான், மேலே படித்தான், இன்று கால்நடைத் துறையில் பணியில் இருக்கிறான்.

எல்லாப் பயணத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பறையில் மட்டுமே அளந்தால், 19 மதிப்பெண்ணுக்கு மேல் அவனிடம் எதுவும் இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

வேடந்தாங்கல் இன்னொரு பாடமும் சொல்கிறது. அந்த ஏரியைக் காப்பாற்றியவர்கள் முதலில் விஞ்ஞானிகள் அல்ல, விவசாயிகள். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்று கண்டவர்கள் அவர்கள். பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்துமூலம் உத்தரவு பெற்றார்கள். சட்டங்களும் சரணாலய அறிவிப்புகளும் பின்னால் வந்தவை. 2022இல் இது ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு கிராமமே பாதுகாத்த இடம் என்பதை, அந்தக் கரையில் நின்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயால் கேட்கும்போது ஏற்படும் மரியாதை வேறு.

இன்று என்ன நடக்கிறது? பல பள்ளிகளில் 'கல்விச் சுற்றுலா' என்றால் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அனுமதி வாங்க வேண்டும், பெற்றோர் பயப்படுகிறார்கள், பொதுத்தேர்வு நெருக்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக பஸ் வாடகை. வசதியுள்ள பள்ளி எங்கோ போய்விடுகிறது. கிராமத்துப் பள்ளி எங்கும் போவதில்லை.

இதைச் செய்கிற இளம் ஆசிரியர்களுக்கு நான் கண்ட சில வழிகள். ஒரு நாளில் ஐந்து இடம் பார்க்காதீர்கள். ஒரே இடத்தில் அரை நாள் இருங்கள். முதல் நாளே நீங்கள் தனியாகப் போய்த் தண்ணீரின் ஆழம், நிழல், கழிப்பறை எல்லாம் பார்த்து வாருங்கள். பெற்றோரின் சம்மதக் கடிதமும் முதலுதவிப் பெட்டியும் இல்லாமல் பஸ் கிளம்பக் கூடாது. ஒலிபெருக்கி வேண்டாம், தீனி போட வேண்டாம், எதையும் பறிக்க வேண்டாம். உள்ளூர்க்காரர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். எல்லாக் கேள்விக்கும் அங்கேயே பதில் சொல்லிவிடாதீர்கள். இரண்டு கேள்வியாவது பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு பஸ்கூட வேண்டாம். நம் கல்லூரியின் புங்க மரங்களுக்கு அடியில் காலை ஆறரை மணிக்கு அரை மணி நேரம் உட்காருங்கள். நாங்கள் படித்த காலத்தில் எங்கள் தாவரவியல் பேராசிரியர் சொல்வார், "பறிக்காதே, முதல்ல பாரு" என்று. உங்கள் கையில் போன் இருக்கிறது. பார்த்த பறவையை ஈ-பேர்டு தளத்தில் பதியலாம். பொங்கல் விடுமுறையில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். ஆனால் போனை எடுப்பதற்கு முன்னால் கண்ணால் பாருங்கள், கையால் எழுதுங்கள்.

இப்போது வளைவு விஷயத்துக்கு வருகிறேன். நான் வளைவுக்கு எதிரி அல்ல. கல்லூரிக்கு அழகான வாசல் வேண்டும்தான். ஆனால் திரட்டிய நிதியில் பாதியை வைப்பு நிதியாகப் போட்டு, வரும் வட்டியில் ஆண்டுதோறும் நம் சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றுக்கு ஒரு நாள் பஸ் வாடகையும் சாப்பாடும் கொடுக்கலாமே என்பது என் வேண்டுகோள். துணைக்கு நம் விலங்கியல், தாவரவியல் மாணவர்கள் பத்துப் பேர் போகட்டும். அவர்களுக்கும் அது பயிற்சி. வளைவின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். அதன் வழியாக உள்ளே வருகிறவர்கள் யாரும் அவ்வளவு உயரம் இல்லை.

முதல் இரண்டு பயணங்களுக்கு ஏற்பாடு செய்வதும் கூடவே போவதும் என் பொறுப்பு. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. விலங்கியல் துறை அந்தப் பைனாகுலரை இன்னொரு முறை இரவல் கொடுத்தால் போதும். பிற்பகல் பொதுக்குழுவில் இதை நான் முன்மொழிவேன். வழிமொழிய உங்களில் ஒருவர் கை தூக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.