நத்தாரும் றேந்தையும்



யாழ்ப்பாணத்துப் பேச்சிலே சாதாரணமாக வழங்கும் மூன்று சொற்களோடு இன்றைய உரையைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். நத்தார், றேந்தை, விறாந்தை. மூன்றும் போர்த்துக்கேயர் வழியாக நமக்கு வந்தவை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியவர்கள் 1658இல் அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய சொற்கள் நம்முடைய வீடுகளில் தங்கிவிட்டன. தெற்கே காலி, வெலிகமப் பகுதிகளில் தலையணை மேல் நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு 'பீரளு' பின்னும் சிங்களப் பெண்களும் தங்கள் வேலையை 'ரேந்த' என்றே சொல்கிறார்கள்.

என் பிள்ளைப்பிராயத்திலே இந்த மூன்று சொற்களும் ஒன்றாகக் கூடும் காலம் ஒன்றிருந்தது. நத்தார் தினத்து மத்தியானம் முதல் வருடக் கடைசி வரையிலான அந்த ஆறேழு நாட்கள்தான் அது. அதற்கு முந்திய கிழமைகளில் வீட்டில் யாருக்கும் மூச்சுவிட நேரமிராது. வெள்ளையடிப்பு, பாலன் குடில், பயற்றம் பணியாரம், கேக்குக்கு முந்திரிகைவற்றல் நறுக்குதல் என்று ஓட்டந்தான். நள்ளிரவுப் பூசை கண்டு, உறவினருக்குப் பலகாரத் தட்டுகளும் அனுப்பிய பிறகு ஓர் அமைதி வரும். பள்ளிக்கூடம் இல்லை. வாடைக் காற்றில் கடல் கொந்தளிப்பதால் ஐயாவுக்குத் தொழிலும் குறைவு. எல்லோரும் விறாந்தைக்கு வந்துவிடுவோம்.

விறாந்தையின் ஒரு மூலையில் அம்மம்மா சார்வோலையோடு இருப்பா. முதல் நாள் இரவு பனியில் போட்டுப் பதப்படுத்திய ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, பெட்டி இழைப்பா. தூணில் வலையைக் கட்டி ஐயா கிழிசல் பொத்துவார். அம்மா கொக்கி ஊசியும் வெள்ளை நூலுமாகக் கதிரையில் இருப்பா. ஒருவர் வேலையை மற்றவர் பார்த்ததாக ஞாபகமில்லை. ஆனால், கதை மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டேயிருக்கும். பழைய புயல்கள், செத்துப்போனவர்களின் பகிடிகள், யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் அந்த நாட்களில் கேட்டு அறிந்தவைதான். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லக் கூச்சமானவற்றைக் கையைப் பார்த்துக்கொண்டு இலகுவாகச் சொல்லலாம். ஐயா தம் வாலிப காலத்துச் சங்கதிகளை ஒருபோதும் எங்களைப் பார்த்துச் சொன்னவரல்லர். வலைக்கண்களுக்குத்தான் சொன்னார்.

மூன்றும் நாரும் நூலும் சார்ந்த வேலைகள்தான் என்றாலும் அவற்றின் இயல்பு வேறு வேறு. ஓலைப் பின்னலில் ஒரு வார் மற்றதன் மேலும் கீழுமாக மாறி மாறிப் போகும். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வலை முடிச்சுகளால் ஆனது. ஒரு கண் அறுந்தால் அந்த இடத்தைப் பொத்தினாற் போதும். மற்றக் கண்கள் அசையா. கொக்கி ஊசியால் பின்னும் றேந்தையோ ஒரே நூலில் கண்ணிக்குள் கண்ணியாக வளர்வது. கடைசிக் கண்ணி ஒன்றுதான் அதன் பூட்டு. அதைத் திறந்துவிட்டு நூலின் நுனியை இழுத்தால், மாதக்கணக்கில் பின்னியது சில நிமிடங்களில் அவிழ்ந்து நூலாகிவிடும். இதை ஒரு குறையாகவே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அதன்பின் பல நத்தார்கள் இருளில் வந்து போயின. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் அளந்து விட்ட மண்ணெண்ணெயுமாக எரிந்த சிறு விளக்குத்தான் எங்களுக்கு. கடலில் இறங்கத் தடை. ஐயாவின் வலை மடித்தபடி கிடந்தது. அம்மா அந்த வெளிச்சத்தில் கூலிக்குப் பின்னினா. தலையணை உறைக் கரை, குழந்தைச் சட்டைக் கழுத்து என்று நத்தாருக்கு முன்பு கேட்டவர்களுக்கெல்லாம் பின்னிக் கொடுத்தா. எங்கள் வீட்டுக்கென்று ஒரு மேசை விரிப்பைத் தொடங்கி, கூலி வேலை இல்லாத நேரத்தில் ஒவ்வொரு சுற்றாக வளர்த்துவந்தா.

சங்கப் பாடல்களைப் படித்த காலத்தில் இந்த விளக்கை நான் மறுபடியும் கண்டேன். பருத்திப் பெண்டு ஒருத்தியின் சிறிய விளக்கொளி புறநானூற்றிலே வருகிறது. ஆண் துணையற்ற பெண்கள் நூற்ற நுண்ணிய பஞ்சு நூலை, மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக்குகிறது நற்றிணை. உவமை அழகானது. அதற்குள்ளே வயிற்றுப்பாட்டுக்காக இரவிரவாகக் கண்விழித்த ஒருத்தி இருக்கிறாள். நம்முடைய மொழியில் நூல் என்றால் இழை; நூல் என்றால் புத்தகமும். பனுவல் என்ற சொல்லும் அப்படித்தான். பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் வைத்து, இலக்கியம் உண்டாகும் விதத்தை விளக்குகிறார். எழுத்து வேலைக்கு உவமை தேடியவருக்கு அந்தப் பெண்ணின் கைவேலைதான் அகப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்களெல்லாம் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். மழையும் நெரிசலும். வலை வீட்டிலேயே நின்றுவிட்டது. அம்மாவின் உடுப்புப் பையில் முடியாத மேசை விரிப்பும் ஊசியும் வந்தன. அந்த வருட நத்தாருக்கு நாங்கள் இருந்தது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். ஓலைத் தடுப்புக்கு அப்பால் இருந்த குடும்பத்தில் டிசெம்பர் நடுவிலே ஒரு பிள்ளை பிறந்தது. குளிர்காற்று. தலைக்குப் போட ஒன்றுமில்லை. கடையில் நூலுமில்லை. அம்மா விரிப்பை எடுத்து மடியில் வைத்துக் கடைசிக் கண்ணியைத் திறந்தா.

"ஏனம்மா, இவ்வளவு காலம் பின்னினது?" என்றேன்.

"மேசையே இல்லை, விரிப்பு என்னத்துக்குப் பிள்ளை? பிடி, உருண்டையாச் சுத்து."

ஐந்து வருட வேலை என் கையில் நூலுருண்டையானது. அதிலிருந்து ஒரு தொப்பியும் இரண்டு காலுறையும் நத்தாருக்கு முந்திய இரவு முடிந்தன. குறையென்று நான் எண்ணியிருந்த அந்த அவிழும் குணந்தான் அன்று ஒரு குழந்தைக்கு உதவியது.

அடுத்த வருடம் வீடு திரும்பினோம். அம்மம்மாவும் ஐயாவும் இன்று இல்லை. விறாந்தை இருக்கிறது, நத்தாரும் வருகிறது. 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பின், கொழும்பிலிருந்து தங்கை குடும்பத்தார் அதில் வந்து ஒரு கிழமை நிற்கிறார்கள். 26ஆம் திகதி காலையில் மட்டும் நாங்கள் ஊசி எடுப்பதில்லை. 2004இல் அந்தக் காலையில் வந்த ஆழிப்பேரலை இந்தத் தீவில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் உறவுகளும் இருந்தன. முதல் நாள் நத்தார் உடுப்பு உடுத்தவர்கள் அவர்கள். அன்று மெழுகுதிரி கொளுத்துகிறோம். பின்னேரமானதும் அம்மாவே பையை எடுத்து வருவா.

அம்மாவுக்கு இப்போது கண் மங்கல். விரல் நுனியால் கண்ணிகளைத் தடவி எண்ணுகிறா. போன நத்தாருக்குத் தங்கையின் மகன், பத்து வயதுப் பையன், கையிலிருந்த தொலைபேசியை வைத்துவிட்டு அவவின் பக்கத்தில் போய் இருந்தான். "இது பொம்பிளைப் பிள்ளையளின்ர வேலையெல்லோ?" என்று சந்தேகம் கேட்டான். "உன்ர அம்மப்பாவும் சாகுமட்டும் ஊசியும் நூலுமாத்தான் இருந்தவர். எண்ணு, ஒண்டு" என்றா அம்மா. அவன் பின்னிய சங்கிலி ஒரு முழம் வந்தது. எங்கும் ஒரே சீராக இல்லை. அதற்கு விலை கேட்க ஆளில்லை. முடித்துக் கொடுக்கத் தவணையும் இல்லை. பின்னிக்கொண்டே, "அம்மம்மா, இடம்பெயர்ந்தது எண்டால் என்ன?" என்று கேட்டான். நாங்கள் எவரும் அவனிடம் அதுவரை சொல்லத் துணியாத கதையை அம்மா சொல்லத் தொடங்கினா. ஊசியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னா.

நேயர்களே, விடுமுறை நாட்களை எங்கே போவது, எதை வாங்குவது என்று நிரப்பிவிடுவது எளிது. ஒரு பின்னேரத்தையாவது ஒன்றுமில்லாமல் விட்டுப் பாருங்கள். வீட்டிலே ஓலை இழைக்கவோ, வலை பொத்தவோ, றேந்தை பின்னவோ தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தில் ஒரு பிள்ளையை இருத்துங்கள். கை பழகும்போது காதுக்கும் ஏதாவது கிடைக்கும். எழுதப்படாத பல நூல்கள் அவர்களிடம் இன்னும் இருக்கின்றன.